தலையில்லாத பொம்மையோடு ஆம்பூருக்கு

வேலூரில் வெளியூர்க்காரர் எவரைக் கண்டாலும் முதலில் கேட்கிற கேள்வி, "பேஷண்ட் யாரு?" என்பதுதான். லாட்ஜ் மேலாளர் கேசவனும் அதையே கேட்டார். கேட்டுவிட்டு என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். சக்கர நாற்காலியோ, தாங்கிப் பிடித்து வரப்படும் ஒருவரோ அங்கே இருக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். நான் மட்டும் நின்றேன், கையில் ஓர் அட்டைப் பெட்டியோடு.

பொம்மைக்குத் தோல் பார்க்க வந்திருக்கிறேன் என்றேன். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இருபத்தைந்து வருடமாக ஜெர்மனியில் இருப்பவள். என் தமிழைக் கேட்டால் இங்கே பலருக்கு மலையாளம் போலத் தெரிகிறது. அவர் காதில் "பொம்மி" என்று விழுந்திருக்கிறது. பதிவேட்டில் பேஷண்ட் என்ற இடத்தில் பொம்மி என்று எழுதிக்கொண்டு, தோல் டிபார்ட்மெண்டுக்குக் காலையிலேயே போய் வரிசையில் நிற்கச் சொன்னார். "லேட்டா போனா பேஜார் மேடம். மத்தியானம் ஆயிடும்."

திருத்தலாம் என்று வாயெடுத்தேன். பிறகு யோசித்தால் அவர் சொன்னதில் பெரிய பிழை எதுவும் இல்லை. நான் வேலை செய்கிற கடைக்கு ஜெர்மன் மொழியில் பொம்மை ஆஸ்பத்திரி என்றுதான் பெயர். கண் உள்ளே விழுந்த பொம்மை, கை கழன்ற கரடி, நாய் கடித்த குதிரை எல்லாம் வரும். முன்னொரு காலத்தில் முதியோர் இல்லமொன்றின் சமையற்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என்னைக் கூட்டிவந்து ஊசி பிடிக்கக் கற்றுத் தந்த கடைக்காரி, இந்த வருடம் ஓய்வு பெற்றுச் சாவியை என்னிடம் தந்துவிட்டுப் போனார். சாவி கைக்கு வந்த பிறகு என் கையெழுத்தில் நான் ஏற்றுக்கொண்ட முதல் வேலைதான் அந்தப் பெட்டியில் இருந்தது.

பொம்மையின் சொந்தக்காரர் ஹெட்விக் அம்மையாருக்குத் தொண்ணூறு வயதுக்கு மேல். பொம்மைக்கு அவரைவிட மூப்பு. அவருடைய அம்மா சிறுமியாக இருந்தபோது விளையாடியது. அந்தக் காலத்து வழக்கப்படி தலை பீங்கான், உடல் வெள்ளை ஆட்டுத்தோல், உள்ளே மரத்தூள். தொடையில் தோல் கிழிந்து தூள் கொட்டிக்கொண்டிருந்தது. சென்னையில் சித்தப்பா மகளின் கல்யாணம் இருந்தது. அப்படியே நாலு நாள் தோலுக்குப் பெயர்போன ஆம்பூர்ப் பக்கம் போய், விரலால் தொட்டுப் பார்த்து ஒத்துப்போகிற தோலாக வாங்கி வருகிறேன் என்றேன். அம்மையார் சம்மதித்தார். பீங்கான் தலையைக் கழற்றிக் கடையில் பஞ்சுக்குள் பத்திரமாக வைத்துவிட்டு, உடலை மட்டும் எடுத்து வந்தேன். தூள் மேலும் கொட்டாமல் இருக்கக் கிழிசலை ஆறேழு குண்டூசிகளால் சேர்த்துக் குத்தியிருந்தேன். ஊசிகளின் தலை சிவப்பும் கறுப்புமான கண்ணாடி மணி. பெட்டிக்குள் அது ஆடாமல் இருக்க, கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுத் தந்த மஞ்சள் பையால் சுற்றினேன்.

அந்த மாலை லாட்ஜுக்கு எதிர்த் தெருவில் சாப்பிடப் போனேன். தெரு முழுக்க வங்காள எழுத்துப் பலகைகள். கடுகெண்ணெய் வாசனை. வேலூர் வந்து முதல் நாள் இரவு நான் சாப்பிட்டது வங்காள மீன் குழம்பும் சோறும். பக்கத்து மேசையில் ஒரு குடும்பம். நான்கு வயதிருக்கும் பெண் குழந்தை, ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்றில் தண்ணீரை இழுத்து மேசை, தட்டு, அப்பா என்று எல்லாவற்றுக்கும் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். தாய் ஏதோ அதட்டினாள். பரிமாறுகிறவர் சிரித்தபடி எனக்கு மொழிபெயர்த்தார்: "அப்பாவுக்கு ஏற்கெனவே நெறைய குத்திட்டாங்க, நீ வேற குத்தாத."

சிந்து வெளியில் தோண்டியெடுத்த களிமண் மாட்டு வண்டிகளைப் படத்தில் பார்த்திருக்கிறேன். ஜெர்மன் சிறுமிகளுக்கென்று செய்த கட்டைவிரல் அளவு இரும்பு அடுப்புகளை நானே துருநீக்கித் துடைத்திருக்கிறேன். பெரியவர்கள் கையில் எது இருக்கிறதோ அது சிறியதாகிப் பிள்ளைகள் கைக்குப் போகும். வண்டிக்காரர் ஊரில் வண்டி, ஆஸ்பத்திரி ஊரில் சிரிஞ்ச். அந்தக் குழந்தை என் கையிலும் ஒன்று போட்டுவிட்டுத்தான் போனாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆம்பூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பெட்டி மடியில் இருந்தது. பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் பஸ் நிறைந்து பிதுங்கியது. பக்கத்தில் நின்ற பெண் எதுவும் கேட்காமல், "கொஞ்சம் வச்சினு இருங்க" என்று கைக்குழந்தையை என்னிடம் நீட்டினாள். ஜெர்மனியில் இது நடக்காது. அங்கே அந்நியரின் குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதற்கே ஓர் எல்லை உண்டு. எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. பெட்டியைத் தலைக்கு மேலிருந்த கம்பித் தட்டில் வைத்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டேன். அது என் கண்ணாடியை உருவியது, வளையலைச் சப்பியது, பிறகு மார்பில் சாய்ந்து தூங்கிப்போனது.

ஆம்பூர் வந்ததும் தாயும் இறங்க, நானும் இறங்கினேன். படியருகே குழந்தையை அவளிடம் கொடுத்தேன். அவ்வளவு நேரம் சுமந்திருந்ததை உரியவரிடம் ஒப்படைத்துவிட்ட திருப்தியோடு கையை உதறிக்கொண்டு நின்றேன்.

ஜெயசீலன் மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தார். அங்குள்ள ஒரு தோல் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர். தொலைபேசியில் மட்டும் பேசிப் பழக்கம். வணக்கம் சொன்னார். பயணம் எப்படி என்று விசாரித்தார். பிறகு, "சாம்பிள் எங்க மேடம்?" என்றார்.

நான் என் இரண்டு கைகளையும் பார்த்தேன்.

பஸ் போய்விட்டிருந்தது. அது திருப்பத்தூர் வரை போகிற வண்டி. ஜெயசீலன் என்னை நேரக் காப்பாளர் அறைக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். அங்கே இருந்தவர் பதற்றப்படாமல் நோட்டைப் புரட்டிக் கண்டக்டரின் எண்ணைத் தேடிப் போட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டபோது போன் அணைந்திருந்தது. அந்த வண்டி திரும்ப நாலரை மணிக்கு இங்கே வரும், அதுவரை பொறுங்கள் என்றார். பெட்டியில் என்ன என்று கேட்டார். பொம்மை என்றேன். அவர் முகத்தில் கவலை சற்றுத் தணிந்தது. நகை, பாஸ்போர்ட் என்று எதையோ எதிர்பார்த்திருப்பார்.

மத்தியானம் ஜெயசீலன் என்னைப் பிரியாணிக் கடைக்கு அழைத்துப்போனார். ஆம்பூர் வரை வந்துவிட்டுச் சாப்பிடாமல் இருக்கக் கூடாது என்பது அவர் கட்சி. இலையில் வந்ததைக் கையால் அளைந்தேன். சீரகச் சம்பாவா வேறு அரிசியா என்று கூடத் தெரியவில்லை. அம்மையாரிடம் எப்படிச் சொல்வது என்ற ஒன்றைத் தவிர எதுவும் மண்டையில் ஏறவில்லை. காப்பீட்டுக்குக் கடிதம் எழுதலாம், இழப்பீடு தரலாம். ஆனால் அவருடைய அம்மாவின் கைபட்ட அந்த உடம்பை எங்கே போய் வாங்குவது? இதற்குப் பிறகு எந்த முகத்தோடு அந்தக் கடையைத் திறப்பது?

நாலேமுக்காலுக்கு வண்டி வந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். பெட்டி என்று சொன்னவுடன் ஓரடி பின்னால் வைத்தார்.

"அது உங்களுதா மேடம்?"

நடந்ததை அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஆம்பூர் தாண்டியதும் ஒரு குலுக்கலில் பெட்டி தட்டிலிருந்து கீழே விழுந்திருக்கிறது. யாருடையது என்று தெரியாமல் திறந்திருக்கிறார்கள். உள்ளே மஞ்சள் துணி. துணிக்குள் தலையில்லாத வெள்ளை உடம்பு. தொடையெல்லாம் சிவப்பு ஊசியும் கறுப்பு ஊசியும். தூள் தூளாக ஏதோ கொட்டுகிறது. போதாததற்கு ஓர் எலுமிச்சம்பழம். கல்யாண வீட்டு வாசலில் கையில் கொடுத்த பழம் அது. மஞ்சள் பையின் அடியில் கிடந்ததை நான் கவனித்திருக்கவில்லை.

செய்வினை என்று பின்சீட்டில் ஒருவர் சொன்னதும் பாதி பஸ் முன்னால் வந்துவிட்டதாம். ஓட்டுநர் வண்டியை ஓட்ட மறுத்திருக்கிறார். அடுத்த நிறுத்தத்தில் புளியமரத்தடியில் ஒரு சின்ன அம்மன் கோயில் இருக்கிறது. அதன் எதிரே பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவரே கையால் தொடவில்லையாம், டிக்கெட் பையால் தள்ளித்தான் இறக்கினாராம். "மன்னிச்சிக்கோங்க மேடம். எனக்கும் வூட்ல கொழந்தைங்க இருக்குது" என்றார். அவரிடம் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

மோட்டார் சைக்கிளில் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஜெயசீலனுக்கு வெட்கமும் எரிச்சலும். இந்தக் காலத்திலும் இப்படியா, நீங்கள் ஊருக்குப் போய் எங்களைப் பற்றி என்ன நினைப்பீர்கள் என்று வழியெல்லாம் புலம்பினார். நான் அவரிடம் என் தொழிலில் தெரிந்துகொண்டதைச் சொன்னேன். பழைய கல்லறைகளில் கிடைக்கிற மனித உருவங்களில் எது பிள்ளை விளையாடியது, எது பூசைக்கு வைத்தது என்று படித்தவர்களாலேயே பல நேரம் பிரிக்க முடிவதில்லை. ஜப்பானில் நோய்நொடியைக் காகிதப் பொம்மையின் மேல் ஏற்றி ஆற்றில் விடுகிற வழக்கம் உண்டு. கிரேக்கப் பெண்கள் கல்யாணத்துக்கு முன் தங்கள் பொம்மையைக் கோயிலில் கொண்டுபோய் வைத்தார்கள். அமெரிக்கப் பூர்வகுடிகளில் சிலர் சோளத் தோகைப் பொம்மைக்கு முகமே வரைய மாட்டார்கள். மனித உருவத்தில் ஒன்றைச் செய்து கையில் எடுத்துவிட்டால் எந்த நாட்டிலும் அது வெறும் துணியாகவும் தோலாகவும் இருப்பதில்லை. தலையைக் கழற்றி, ஊசி குத்தி, மஞ்சளில் சுற்றி, பஸ்ஸில் விட்டவள் நான். பயப்படாவிட்டால்தான் ஆச்சரியம்.

அவர், பெட்டியைத் திறந்திருந்தால் தானும் பயந்துதான் இருப்பேன் என்று ஒப்புக்கொண்டார்.

புளியமரம் இருந்தது. கோயில் இருந்தது. எதிரே தரையில் கற்பூரம் எரிந்த கறுப்புத் தடம் இருந்தது. பெட்டி இல்லை.

பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த பெண்தான் விவரம் சொன்னாள். பகல் முழுக்க அந்தப் பக்கம் யாரும் நடக்கவில்லையாம். பூசாரி வந்து கற்பூரம் காட்டி, பொழுது சாய்ந்ததும் பாலாற்று மணலில் வைத்துக் கொளுத்திவிடலாம் என்று சொல்லிப் போயிருக்கிறார். அதற்குள் ஷூ கம்பெனி பஸ் வந்து நின்றிருக்கிறது. இறங்கிய பெண்களில் ஒருத்தி கூட்டத்தை விலக்கி, பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்ததைக் கையில் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாள். மற்றவர்கள் கத்தியிருக்கிறார்கள். அவள் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறிப் போய்விட்டாள்.

"இப்பத்தான். ஒரு கால் மணி நேரம்கூட ஆவல," என்றாள் டீக்கடைக்காரி. பேர் தெரியாது, எந்த ஊர் என்றும் தெரியாது. காலையில் ஏழரைக்குக் கம்பெனி பஸ் ஏற இதே இடத்துக்கு வருவாள், அது மட்டும் நிச்சயம் என்றாள்.

வேறு வழியில்லாமல் வேலூருக்குத் திரும்பினேன். லாட்ஜ் வாசலில் கேசவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, டாக்டர் என்ன சொன்னார் என்று மெல்லக் கேட்டார். நாளைக் காலையில்தான் தெரியும் என்றேன். அவர் தலையசைத்தார். அந்தப் பதிலை அவர் அங்கே எத்தனையோ பேரிடம் கேட்டிருப்பார். ஒன்றும் ஆகாது மேடம் என்று சொல்லி, ஒரு பிளாஸ்க் சுடுதண்ணீர் அனுப்பிவைத்தார்.

சனிக்கிழமை ஏழு மணிக்கெல்லாம் புளியமரத்தடியில் நின்றேன். ஜெயசீலனும் வந்திருந்தார். இரண்டிரண்டு பேராகப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுப் பை, ஈரம் காயாத தலையில் பூ. ஒவ்வொருவராகக் கேட்டேன். பொம்மை என்ற சொல்லைக் கேட்டதும் சிலர் ஒதுங்கிப் போனார்கள். ஒருத்தி மட்டும், அது எஸ்தர் வேலை, அவளுக்கு எதற்கும் பயம் கிடையாது என்றாள். ஏழு இருபத்தைந்து ஆயிற்று. எஸ்தர் வரவில்லை. வளைவில் கம்பெனி பஸ்ஸின் மூக்கு தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் ஷேர் ஆட்டோவிலிருந்து ஒருத்தி அவசரமாக இறங்கினாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி, நல்ல உயரம். சாப்பாட்டுப் பையோடு இன்னொரு பெரிய துணிப்பையும் வைத்திருந்தாள். நான் கேட்பதற்கு முன்பே அவள் என் முகத்தைப் பார்த்து, "பொம்மையத் தேடினு வந்தீங்களா?" என்றாள்.

தலையசைத்தேன். அவள் துணிப்பைக்குள்ளிருந்து என் பெட்டியை எடுத்து நீட்டினாள். கம்பெனியில் சாம்பிள் பிரிவு மேற்பார்வையாளரிடம் காட்டலாம் என்று எடுத்து வந்தாளாம். தொழிலில் இருக்கிற யாரோ தவறவிட்ட மாதிரிப் பொருள் என்றுதான் அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

"எப்பிடி உங்களுக்கு மட்டும் பயம் வரேல்லை?" என்று கேட்டேன்.

"தையலப் பாத்தேன் அக்கா. தொடையில முக்கோணமா துண்டு வச்சி, கால் மடங்குற மாதிரி தச்சிருக்குது. ஒரு இஞ்ச்சுக்குப் பதினாலு தையல் வருது, ஒண்ணுகூட வெலகல. செய்வினை வெக்கிறவன் எவன் இவ்ளோ நல்லா தையல் போடுவான்?"

பஸ் ஹாரன் அடித்தது. நேரத்துக்குள் அட்டையைத் தேய்க்காவிட்டால் அரைநாள் சம்பளம் போய்விடும் என்று ஓடினாள். படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பி, நாளை ஞாயிறு, சர்ச் முடிந்து மத்தியானம் வீட்டுக்கு வாருங்கள் என்றாள். ஜெயசீலன் அவள் சொன்ன போன் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டார்.

பஸ் போன பிறகு டீக்கடைப் பலகையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். உடல் பத்திரமாக இருந்தது. கைகள், கால்கள், கழுத்தோரத்துப் பழைய நாடா எல்லாம் இருந்தன. குண்டூசிகளைக் காணோம். அவை ஒரு காகிதத்தில் வரிசையாகக் குத்தி ஓரமாக வைக்கப்பட்டிருந்தன. கிழிசல் இருந்த இடத்தில் நான்கு தையல்.

எங்கள் தொழிலில் அடுத்தவர் இடையில் கை வைப்பது பெரிய குற்றம். உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தேன். நூல் புதியது, வெள்ளை. ஆனால் ஊசி புதிதாக ஒரு துளைகூடப் போடவில்லை. நூறு வருடத்துக்கு முன் யாரோ ஒருத்தி போட்ட துளைகளையே தேடிப் பிடித்து, அவற்றின் வழியாகவே போய் வந்திருந்தது. நான் செய்திருந்தாலும் இதைவிட ஒழுங்காகச் செய்திருக்க மாட்டேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. டீக்கடைக்காரி சர்க்கரை தூக்கலாக ஒரு டீ போட்டு வைத்தாள். பெட்டிக்கும் தனக்கும் ஒரு கை தூரத்தை விட்டுத்தான் வைத்தாள்.

அதற்குப் பிறகு அந்த நாளில் நடந்ததெல்லாம் எளிதாக நடந்தது. ஜெயசீலனின் ஆய்வகத்தில் குழந்தைக் காலணிகளுக்கு உட்பக்கத்தில் போடுகிற வெள்ளாட்டுத் தோல் இருந்தது. குரோம் ரசாயனம் போடாமல் பதப்படுத்தியது. பச்சைக் குழந்தை எதையும் வாயில்தான் வைக்கும், அதனால் வெளிநாட்டுக்காரர்கள் அதில் கறாராக இருப்பார்கள் என்றார். பொம்மைக்கும் அதே சட்டம்தான் என்றேன். பத்துப் பன்னிரண்டு தோல்களைக் கட்டைவிரலால் தடவி, வெளிச்சத்தில் பிடித்து, பொம்மையின் முதுகோடு ஒட்டவைத்துப் பார்த்து, இரண்டைத் தேர்ந்தெடுத்தேன்.

அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்துத் தோல் கட்டுக்கட்டாக லண்டனுக்குக் கப்பலேறியதாம். இந்தப் பொம்மையின் தோலே இங்கிருந்து போனதாக இருக்குமோ என்று ஜெயசீலன் கேட்டார். யாராலும் சொல்ல முடியாது என்றேன். அவர் சற்று ஏமாந்த மாதிரி இருந்தது.

மத்தியானம் நானே அவரைப் பிரியாணிக் கடைக்கு இழுத்துப்போனேன். சீரகச் சம்பாதான். மிளகாயின் காரம் நாக்கில் ஏறாமல் தொண்டையில் மெல்லத் தெரிகிறது. கத்திரிக்காய்ப் புளிக்குழம்பும் வெங்காயத் தயிரும் சேர்த்தால் நிறுத்த முடியவில்லை. இன்னொரு இலை கேட்டேன். எங்கள் ஊர் ஆட்டிறைச்சிக் கறியை விட்டுக்கொடுக்காதவள் நான். அன்றைக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்தரின் வீடு. இரண்டு அறை, மேலே தகரக் கூரை, வாசலில் செம்பருத்தி. கணவர் லாரியில் வெளியூர் போயிருந்தார். பன்னிரண்டாவது படிக்கிற மகள் டியூஷனில் இருந்தாள். எஸ்தர் மீன் குழம்பும் வறுவலும் செய்திருந்தாள். வறுத்த மீனைத் தட்டில் வைத்தபடியே, பெட்டியில் இருந்த எலுமிச்சம்பழத்தை வெள்ளிக்கிழமையே எடுத்து மீனுக்குப் பிழிந்துவிட்டதாகச் சொன்னாள். நல்ல பழத்தை எதற்கு வீணாக்குவது என்றாள்.

நாலு தையல் போட்டதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். தூள் விடாமல் கொட்டியதாம், பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லையாம். அவள் பன்னிரண்டு வருடமாக ஷூவின் மேல்பாகம் தைக்கிறவள். ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி அவள் கையைத் தாண்டிப் போகிறது என்று சொன்னபோது எனக்கு மலைப்பாக இருந்தது. ஒன்றுகூட யார் காலுக்குப் போகிறது என்று அவளுக்குத் தெரியாது. யாருடையது என்று தெரிந்துகொள்ள முடிகிற ஒன்றைத் தைத்தது இதுதான் முதல் தடவை என்றாள். பொம்மையின் சொந்தக்காரர் யார் என்று கேட்டாள்.

அதுவரை நான் ஹெட்விக் அம்மையாரிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. மறைத்துவிடலாம் என்ற எண்ணமும் இல்லாமல் இல்லை. எஸ்தர் அப்படிக் கேட்ட பிறகு மறைப்பது அசிங்கமாகப் பட்டது. அங்கே காலை நேரம். வீடியோவில் அழைத்தேன். அம்மையார் படுக்கையில் சாய்ந்திருந்தார், முன்னால் காப்பிக் கோப்பை. பஸ்ஸில் தவறவிட்டதில் தொடங்கி நான்கு தையல் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கிடவில்லை. சொல்லி முடித்ததும் காப்பியை எடுத்து ஒரு மிடறு குடித்தார். நான் கடைச் சாவியைத் திருப்பிக் கொடுக்கிற காட்சியை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

தையலைக் காட்டு என்றார். கேமராவைக் கிட்டக் கொண்டுபோனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நூலைப் பிரித்துவிட்டு என் முறைப்படி மறுபடி தைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும், மற்ற கிழிசல்களை மட்டும் நீ பார்த்துக்கொள் என்றார்.

பிறகு எஸ்தரைப் பார்க்க வேண்டும் என்றார். எஸ்தர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அம்மையார் ஒரே ஒரு கேள்வி கேட்டார், நான் தமிழில் சொன்னேன்: உண்மையைச் சொல், உனக்குப் பயமே வரவில்லையா?

எஸ்தர் என்னைப் பார்த்தாள். கம்பெனிப் பெண்களிடம் சொல்லிவிட மாட்டீர்களே என்பது போன்ற பார்வை.

"பயந்தான். தையலப் பாத்து தைரியமா தூக்கினு வந்துட்டேன். வூட்டுக்கு வந்தப்புறம் பயம் ஜாஸ்தியாயிடுச்சு. பெட்டிய மூடி, மேல பைபிள வச்சிட்டுத்தான் படுத்தேன்."

நான் அதை ஜெர்மன் மொழியில் சொல்லி முடிப்பதற்குள் அம்மையாருக்குச் சிரிப்பு வந்து, இருமலாகி, காப்பிக் கோப்பையை யாரோ வாங்கி வைக்க வேண்டியதாயிற்று. இருமல் அடங்கியதும் சொன்னார். ஐந்தாவது பிறந்தநாளுக்கு அம்மா அந்தப் பொம்மையை அவர் கையில் கொடுத்தபோது, முதல் ஒரு வாரம் அதன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் தூங்கினாராம். இதுவரை யாரிடமும் சொன்னதில்லையாம்.

நான் தமிழில் சொன்னேன். எஸ்தர் திரையிலிருந்த அந்த முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். அவள் தோள் தளர்ந்து இறங்குவது எனக்குத் தெரிந்தது.

"பாரு, அவங்களுமா," என்றாள். எழுந்து போய், சட்டியிலிருந்து இன்னொரு துண்டு மீனை எடுத்து வந்து என் தட்டில் வைத்தாள்.